‘பிபிஏ ஃப்ரீ’ என்று போட்டிருந்தால் போதுமா?

ஏழு மாதக் குழந்தைக்குப் பால் பாட்டிலும் கடித்து விளையாட ஒரு பொம்மையும் வாங்கிய அப்பா ஒருவர் கேட்டிருக்கிறார்: “அட்டையில் ‘பிபிஏ ஃப்ரீ’, ‘ஃபுட் கிரேடு’, ‘நான் டாக்சிக்’ என்றெல்லாம் அச்சடித்திருக்கிறது. யாராவது உண்மையிலேயே சோதித்துப் பார்த்துத்தான் இதைப் போடுகிறார்களா? எவ்வளவு தூரம் நம்பலாம்?” (பிபிஏ என்பது பிஸ்பீனால் ஏ என்ற ரசாயனத்தின் சுருக்கம்.)

பிளாஸ்டிக் சோதனைக்கூடத்தில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். இதே கேள்வியை என் வீட்டிலும் கேட்டிருக்கிறார்கள். சோதனை நடக்கிறது. சில பொருள்களுக்கு அதைச் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் ‘சோதனையில் தேறியது’ என்பதை மட்டும் கேட்டு நிம்மதியாகிவிடக் கூடாது. எதைத் தேடினார்கள், எந்தச் சூட்டில் தேடினார்கள், எந்த வரம்பை வைத்துத் தேறியது என்றார்கள் என்ற மூன்றும் தெரிந்தால்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு.

முதலில் ‘ஃபுட் கிரேடு’. உணவு படும் பிளாஸ்டிக்குக்கு இந்தியாவில் அடிப்படையான சோதனை ஐஎஸ் 9845 என்ற தரநிலையில் இருக்கிறது. உண்மையான சாம்பாரையோ ஊறுகாயையோ வைத்துச் சோதிப்பதில்லை, அவற்றுக்குப் பதிலாக நிற்கும் திரவங்களை வைத்துச் சோதிப்பார்கள். சாதாரண உணவுக்கு வாலை வடிநீர், புளிப்புக்கு 3 சதவீத அசிட்டிக் அமிலம், எண்ணெய்ப் பசைக்கு ஹெப்டேன், சாராயச் சத்துள்ளவைக்குத் தண்ணீர் கலந்த எத்தனால். சாதாரணச் சூட்டில் வைக்கும் பொருளுக்கு 40 டிகிரியில் 10 நாள். சூடாக ஊற்றும் பொருளுக்கு 70 டிகிரியில் 2 மணி நேரம். கொதிநிலைக்கு 100 டிகிரியில் 2 மணி நேரம். அப்புறம் அந்தத் திரவத்தை ஆவியாக்கி, கிண்ணத்தில் மிஞ்சியதை எடை போடுவார்கள். பிளாஸ்டிக்கிலிருந்து இறங்கியது மொத்தம் இவ்வளவு என்று தெரிந்துவிடும். ஒரு கிலோ உணவுக்கு 60 மில்லிகிராமுக்குள் இருந்தால் தேர்ச்சி. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு பேக்கேஜிங் விதிகளிலும் இதே எண்தான்.

இந்த 60 எங்கிருந்து வந்தது என்று பலருக்குத் தெரியாது. பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் கொண்ட ஒரு கனசதுரப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு லிட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு கிலோ பிடிக்கும். அதற்கு ஆறு பக்கம். ஒரு பக்கத்திலிருந்து 10 மில்லிகிராம் இறங்கலாம் என்று வைத்தால் ஆறுக்கு 60. எந்த நோயையும் எந்த ரசாயனத்தின் நச்சையும் கணக்கில் எடுத்து வந்த எண் இல்லை இது. ‘உணவில் இதற்கு மேல் பிளாஸ்டிக் சமாச்சாரம் கலக்கக் கூடாது’ என்ற ஒரு சுத்தத்துக்கான அளவுகோல், அவ்வளவுதான்.

இதில் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மிஞ்சியது என்ன பொருள் என்று இந்தச் சோதனை கேட்பதே இல்லை, எடை மட்டும்தான் பார்க்கிறது. ஆவியாக்கும்போது பறந்துபோகும் பொருள்கள் எடையிலும் வராது. நாம் பயப்படும் ரசாயனங்கள் வேலை செய்வது மைக்ரோகிராமில். 1000 மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம். ஆகவே ‘ஃபுட் கிரேடு’ சோதனையில் நன்றாகத் தேறிய டப்பாவில் பிஸ்பீனால் ஏ இருக்கிறதா என்று கேட்டால், அந்த அறிக்கையிடம் பதில் இருக்காது. சில உலோகங்களுக்கும் சில ரசாயனங்களுக்கும் விதிகளில் தனித்தனி வரம்பு உண்டு. அவற்றைத் தனியாகச் சோதிக்கச் சொன்னால்தான் சோதிப்பார்கள்.

அடுத்தது பிபிஏ. இது கொஞ்சம் நீளமான கதை, ஆனால் விதிகள் எப்படிப் பிறக்கின்றன என்பதை இதைப்போல வேறெதுவும் காட்டாது.

பிஸ்பீனால் ஏ 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே தயாரிக்கப்பட்ட பொருள். 1936இல் லண்டனில் எட்வர்ட் டாட்ஸ் என்பவர், இது உடம்பில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் போல நடந்துகொள்கிறது என்று எழுதினார். மருந்தாகப் பயன்படுமா என்ற தேடலில் கண்டது அது. மருந்தாகவில்லை. 1953இல் பாலிகார்பனேட் என்ற, கண்ணாடி மாதிரி தெளிவான, கீழே போட்டால் உடையாத பிளாஸ்டிக் பிறந்தது. அதன் மூலப்பொருள் இந்த பிபிஏதான். ஹார்மோன் போல நடக்கும் ஒரு பொருளை வைத்துப் பிற்பாடு பால் பாட்டில் செய்தார்கள். சங்கிலியாகக் கோத்துவிட்டால் அது வெளியே வராது என்ற நம்பிக்கை.

1998இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பட்ரீஷியா ஹன்ட் என்ற மரபியல் ஆய்வாளர் எலிகளின் கருமுட்டைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். எந்த மருந்தும் கொடுக்காத, ஒப்பிடுவதற்காக மட்டும் வைத்திருந்த எலிகளில் வழக்கமாக 1, 2 சதவீத முட்டைகளில்தான் குரோமோசோம் கோளாறு தெரியும். திடீரென்று அது 40 சதவீதம் ஆனது. காரணத்தைத் துருவியபோது தெரிந்தது: எலிக் கூண்டுகளையும் தண்ணீர் பாட்டில்களையும் யாரோ தரை கழுவும் காரமான சோப்பில் கழுவியிருக்கிறார்கள். பாலிகார்பனேட் அரித்துப்போய், பிபிஏ இறங்கி, எலிகள் அதைக் குடித்திருக்கின்றன. முடிவுகள் 2003இல் வெளியாயின. கீறல் விழுந்து மங்கிப்போன பாட்டிலைத் தூக்கிப் போடச் சொல்வதற்கு எனக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

2008இல் கனடா, பால் பாட்டில்களில் பாலிகார்பனேட்டைத் தடை செய்யப் போவதாக அறிவித்தது. உலகில் அதுதான் முதல். ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் தடுத்தது. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2012இல் விதியை மாற்றியது. ஆனால் பாதுகாப்பில்லை என்று சொல்லி மாற்றவில்லை. ‘தொழிலே இதைக் கைவிட்டுவிட்டது, அதனால் அனுமதியை எடுத்துவிடுகிறோம்’ என்று ரசாயனத் தொழில் சங்கத்தின் மனுவின் பேரில் மாற்றியது. இந்தியாவில் பால் பாட்டிலுக்கான ஐஎஸ் 14625 தரநிலை 2015இல் திருத்தப்பட்டபோது பிபிஏ விலக்கப்பட்டது. பிளாஸ்டிக் பால் பாட்டிலுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அப்படியிருந்தும், டெல்லியைச் சேர்ந்த டாக்ஸிக்ஸ் லிங்க் அமைப்பு கடைகளில் பாட்டில்களை வாங்கிச் சோதித்தபோது பிபிஏ தென்பட்டது.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது பாதுகாப்பு வரம்பின் கதைதான். ஒருவர் தினமும் வாழ்நாள் முழுக்க உட்கொண்டாலும் தீங்கில்லை என்று கருதும் அளவு அது. எலிகளில் தீங்கு தெரியாத அதிகபட்ச அளவைக் கண்டு, பொதுவாக அதை 100ஆல் வகுப்பார்கள். எலிக்கும் மனிதனுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு 10, மனிதருக்கு மனிதர் உள்ள வித்தியாசத்துக்கு இன்னொரு 10. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2006இல் பிபிஏவுக்கு உடல் எடை ஒரு கிலோவுக்கு 50 மைக்ரோகிராம் என்றது. 2015இல் 4 மைக்ரோகிராம் என்றது. 2023இல் 0.2 நானோகிராம் என்றது. நானோகிராம் என்பது மைக்ரோகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதாவது எட்டு வருஷத்தில் வரம்பு 20,000 மடங்கு இறங்கிவிட்டது. பிபிஏ மாறவில்லை. எதைத் தீங்கு என்று பார்ப்பது என்பதுதான் மாறியது. 2015இல் எலியின் சிறுநீரக எடையைப் பார்த்தார்கள். 2023இல் நோயெதிர்ப்பு மண்டலத்தின் ஒரு வகை வெள்ளணுக்களைப் பார்த்தார்கள்.

எல்லோரும் இதை ஏற்றுக்கொள்ளவும் இல்லை. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் அந்தக் கணக்கை மறுத்து 200 நானோகிராம் போதும் என்றது, ஆயிரம் மடங்கு வித்தியாசம். இரண்டு பக்கமும் நேர்மையான விஞ்ஞானிகள்தான். எலியின் ஒரு வகை அணுவில் தெரியும் மாற்றம் மனிதருக்கு நோயாக முடியுமா என்பதில்தான் கருத்து வேறுபாடு. கடைசியில் ஐரோப்பிய ஆணையம் 2024 டிசம்பரில், சில விலக்குகள் தவிர, உணவு படும் பிளாஸ்டிக், பூச்சு முதலான பொருள்களில் பிபிஏவைத் தடுத்து விதி கொண்டுவந்தது. தகர டப்பாவின் உள்பூச்சும் அதில் அடக்கம். 2006இல் ‘வரம்புக்குள் இருக்கிறது’ என்று கையெழுத்துப் போட்ட அறிக்கைகள் எல்லாம் அன்றைய வரம்புக்கு உண்மைதான். அந்தக் காலத்தில் நானும் அப்படிப் பல அறிக்கைகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

சரி, பிபிஏவை எடுத்துவிட்டு என்ன போட்டார்கள்? பல இடங்களில் அதன் பங்காளியான பிஸ்பீனால் எஸ். கடை ரசீதுத் தாளில் இன்று இதைத்தான் அதிகம் காணலாம். பிபிஏ சர்ச்சைக்குப் பிறகு சந்தைக்கு வந்த தேன் நிறப் பால் பாட்டில்களில் ஒரு வகை பாலிஈதர்சல்போன் என்ற பிளாஸ்டிக். அதன் மூலப்பொருளே பிஸ்பீனால் எஸ். அதில் பிணைப்பு உறுதியானது, இறங்குவது குறைவு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அட்டையில் ‘பிபிஏ ஃப்ரீ’ என்று போட்டால் அது பொய்யில்லை, முழு விவரமும் இல்லை. சட்டம் ஒவ்வொரு ரசாயனமாகப் பெயர் சொல்லித் தடுக்கும்வரை, பெயர் மாறியது தப்பித்துக்கொள்ளும். 2024இல் வெளியான பிளாஸ்ட்கெம் அறிக்கை பிளாஸ்டிக்கில் பயன்படும் அல்லது காணப்படும் ரசாயனங்கள் 16,000க்கு மேல் என்று கணக்கிட்டது. அவற்றில் 4,200க்கு மேற்பட்டவை கவலைக்குரியவை, 10,000க்கு மேற்பட்டவற்றுக்குத் தீங்கு பற்றிய தகவலே இல்லை.

இங்கேதான் நாட்டுக்கு நாடு அணுகுமுறை மாறுகிறது. ஐரோப்பாவில் 2007இல் அமலுக்கு வந்த ரீச் சட்டம், ‘தகவல் கொடு, அப்புறம் விற்பனை செய்’ என்று உற்பத்தியாளர் தலையில் பொறுப்பை வைக்கிறது. அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுச் சட்டமோ, அன்று புழக்கத்தில் இருந்த ஏறக்குறைய 62,000 ரசாயனங்களை அப்படியே உள்ளே விட்டுவிட்டது. 2016இல்தான் திருத்தினார்கள். நம் நாட்டில் ரீச் போன்ற ஒரு பொதுச் சட்டத்துக்கான வரைவு 2020இல் எழுதப்பட்டு, வரைவாகவே பல வருஷம் நிற்கிறது. அதனால் நமக்கு இருப்பவை பாட்டிலுக்கு ஒன்று, பொம்மைக்கு ஒன்று, மின்னணுப் பொருளுக்கு ஒன்று என்று தனித்தனி விதிகள். அவற்றுக்கு நடுவில் விழும் பொருளை யாரும் கேட்பதில்லை. மேசை விரிப்பு, குளியலறைப் பாய் எல்லாம் அப்படித்தான்.

பொம்மை விஷயத்தில் நிலைமை பரவாயில்லை. கேட்டவர் சொன்ன கடிக்கும் பொம்மை பிவிசியாக இருந்தால் பார்க்க வேண்டியது தாலேட். பிவிசி இயற்கையில் தண்ணீர்க் குழாய் மாதிரி விறைப்பானது. அதை வளையவைக்க எண்ணெய் போன்ற தாலேட்டைக் கலக்கிறார்கள், எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்கலாம். அது பிளாஸ்டிக்கோடு பிணைந்து இருப்பதில்லை, இடையில் ஊறி நிற்கிறது. குழந்தை சப்பும்போது எச்சிலில் இறங்கும். பிறக்கும் முன்பும் பிறந்த பிறகும் ஆண் குழந்தைகளின் இனப்பெருக்க உறுப்பு வளர்ச்சியைச் சில தாலேட்டுகள் பாதிக்கலாம் என்பதுதான் முக்கியமான கவலை. ஐரோப்பா 1999 டிசம்பரில் மூன்று மாத அவசரத் தடை போட்டு, அதை நீட்டி நீட்டி, 2005இல் நிரந்தரமாக்கியது. அமெரிக்கா 2008இல் சட்டம் போட்டது. வரம்பு இரண்டிலும் 0.1 சதவீதம். 0.1 சதவீதம் எங்கே, முப்பது சதவீதம் எங்கே! இந்த வரம்பைத் தெரியாமல் மீற முடியாது. மீறினால் வேண்டுமென்றே கலந்தது அல்லது பழைய பிளாஸ்டிக்கை உருக்கிப் போட்டது.

நம் ஊரில் ஐஎஸ் 9873 தரநிலையின் ஒன்பதாம் பாகம் தாலேட்டுக்கானது, மூன்றாம் பாகம் ஈயம், காட்மியம் முதலான எட்டுத் தனிமங்களுக்கானது. மூன்றாம் பாகத்தின் சோதனை எனக்குப் பிடித்தமானது. பொம்மையிலிருந்து சுரண்டிய துகள்களை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு 37 டிகிரியில் ஒரு மணி நேரம் குலுக்கி, ஒரு மணி நேரம் வைப்பார்கள். குழந்தை விழுங்கினால் வயிற்றில் என்ன ஆகுமோ அதுவே குப்பியில் நடக்கும். ஈயம் ஒரு கிலோவுக்கு 90 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 2019இல் இந்தியத் தர மன்றம் டெல்லி வட்டாரச் சந்தையில் இறக்குமதிப் பொம்மைகளை எடுத்துச் சோதித்தபோது மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை. அதன் பிறகு வந்த ஆணைப்படி, 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மை எதுவானாலும் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது. பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்வதற்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு உண்டு. திருவிழாக் கடையில், ரயிலில், தள்ளுவண்டியில் விற்கும் பொம்மைகளில் இன்றும் முத்திரையைப் பார்ப்பது அரிது.

வாசனையை வைத்து முடிவு செய்யாதீர்கள். ‘புது பிளாஸ்டிக் வாசம் அடிக்கிறது, அதனால் கெட்டது’ என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தாலேட்டுக்கு அநேகமாக வாசனையே கிடையாது. வாசமே இல்லாத பொம்மையில் அது நிறைய இருக்கலாம்.

இனி, முத்திரையை எப்படிப் பார்ப்பது? உண்மையான ஐஎஸ்ஐ முத்திரையின் மேலே தரநிலை எண் இருக்கும், பாட்டிலுக்கு ஐஎஸ் 14625, மின்சாரம் இல்லாத பொம்மைக்கு ஐஎஸ் 9873. கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த நிறுவனம், எந்தப் பொருளுக்கு வாங்கிய உரிமம், இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று வரும். பெயர் பொருந்தவில்லையென்றால் அது திருட்டு முத்திரை. இந்த உரிமத்துக்கு ஆலைக்கு வந்து பார்ப்பார்கள், மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள், அப்புறமும் கடையிலிருந்து அவ்வப்போது எடுப்பார்கள். அதனால்தான் தனியார் அறிக்கையைவிட இதை நான் மேலாக நினைக்கிறேன்.

தனியார் அறிக்கையில் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். ‘வாடிக்கையாளர் கொடுத்த மாதிரிக்கு மட்டும் இம்முடிவு பொருந்தும்’ என்று அநேகமாக எல்லா அறிக்கையிலும் இருக்கும். ஒருமுறை ஒரு சிறு உற்பத்தியாளர் எங்களிடம் கொடுத்த மாதிரி அருமையாகத் தேறியது. சில மாதம் கழித்து அதே பொருளைக் கடையில் வாங்கி வந்து சொந்த ஆர்வத்தில் சோதித்தேன். நிறமும் வேறு, பிளாஸ்டிக்கும் வேறு. அறிக்கை மட்டும் அட்டைப்பெட்டியில் பெருமையாக அச்சாகியிருந்தது.

கறுப்பு பிளாஸ்டிக் கரண்டியைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். பழைய டிவி, கம்ப்யூட்டர் பெட்டிகளில் தீப்பிடிக்காமல் இருக்கக் கலந்த புரோமின் ரசாயனங்கள், அவற்றை உருக்கிச் செய்த கறுப்புச் சாமான்களில் தலைகாட்டுவது உண்மை. 2024இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, ஒரு நாளில் உடம்புக்குள் போவது பாதுகாப்பு வரம்பை நெருங்கிவிட்டது என்று சொல்லிப் பெரிய பரபரப்பானது. வரம்பு உடல் எடை ஒரு கிலோவுக்கு 7,000 நானோகிராம்; 60 கிலோ எடையுள்ளவருக்கு 7,000ஐ 60ஆல் பெருக்கினால் 4,20,000. அவர்கள் 42,000 என்று எழுதிவிட்டார்கள். வரம்பின் பத்தில் ஒரு பங்குக்கும் கீழேதான் இருந்தது, பிறகு திருத்தம் வெளியிட்டார்கள். அதற்காக அந்தக் கரண்டி நல்லதாகிவிடாது, அந்த ரசாயனம் சமையலறையில் இருக்கவே கூடாதது. ஆனால் பயமுறுத்தும் எண்ணையும் ஒருமுறை பெருக்கிப் பார்த்துவிட வேண்டும்.

கேட்டவருக்கு என் யோசனை இது. பாட்டில் வேண்டுமென்றால் கண்ணாடியோ எவர்சில்வரோ வாங்குங்கள். ஏழு மாதக் குழந்தை சின்ன டம்ளரிலோ பாலாடையிலோ குடிக்கும், நம் பாட்டிமார் அதில்தான் புகட்டினார்கள். பிளாஸ்டிக்தான் என்றால் பாலிப்ரோப்பிலீன், அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருக்கும். ஆனால் கொதிக்கும் தண்ணீரை அதில் ஊற்றிப் பால் மாவைக் கலக்காதீர்கள். 2020இல் டப்ளினைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பாலிப்ரோப்பிலீன் பாட்டிலில் சூடாகக் கலக்கும்போது ஒரு லிட்டருக்கு 1.6 கோடி வரை நுண்துகள்கள் உதிர்வதைக் கண்டார்கள். சூடு கூடக் கூட எண்ணிக்கையும் கூடியது. இது உடம்பில் என்ன செய்யும் என்பது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. செய்ய வேண்டியது சுலபம்: எவர்சில்வர் பாத்திரத்தில் கலக்கி, ஆறவைத்து, பாட்டிலுக்கு மாற்றுங்கள்.

வீட்டு வாசலில் இறங்கும் 20 லிட்டர் தண்ணீர் கேனில், கண்ணாடி போல் கெட்டியாக, அடியில் 7 அல்லது பிசி என்று இருப்பது பாலிகார்பனேட். சாதாரணச் சூட்டில் இறங்குவது குறைவு. ஆனால் பூஜ்யமில்லை: 2009இல் ஹார்வர்டு மாணவர்கள் 77 பேர் ஒரு வாரம் பாலிகார்பனேட் பாட்டிலில் குளிர்ந்த பானம் குடித்தபோது அவர்கள் சிறுநீரில் பிபிஏ 69 சதவீதம் கூடியது. பெரியவர்களுக்கு இதற்காக நான் கேனை நிறுத்தச் சொல்ல மாட்டேன். குழந்தைக்கான தண்ணீரை மட்டும் குழாயிலிருந்தோ வடிகட்டியிலிருந்தோ எடுத்துக் கொதிக்கவைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் மத்தியான வெயிலில் மணிக்கணக்காக நின்ற கேனையும், உரசி உரசி வெள்ளையாக மங்கிய கேனையும் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். ஓட்டலில் சுடச்சுட சாம்பாரை மெல்லிய கவரில் கட்டித் தருவதற்குப் பதில் தூக்குவாளி கொண்டுபோவதும் இதே கணக்குதான்: சூடு, புளிப்பு, எண்ணெய் மூன்றும் ஒன்றாகச் சேரும் இடம் அது.

வாங்கிய பொம்மையில் முத்திரை இல்லையென்றாலோ, செயலியில் எண் பொருந்தவில்லையென்றாலோ அதே பிஐஎஸ் கேர் செயலியிலேயே புகார் கொடுக்கலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் கூப்பிடலாம். பில்லையும் அட்டைப்பெட்டியையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், புகாருக்கு அவை வேண்டும்.